மாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்



பள்ளி விடுமுறை வந்தால் வீட்டிலேயே பீட்சா செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பேரங்காடிக்குப் போனால் அதற்கென்றே கலந்து வைத்த மாவுப் பொட்டலம் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள், பத்து நிமிடம் மூடி வையுங்கள், தட்டையாக்கிச் சுடுங்கள் என்று மூன்றே வரிகளில் செய்முறை. அரை மணி நேரத்தில் பீட்சா மேசைக்கு வந்துவிடும்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கிறேன். "இதெல்லாம் குறுக்கு வழி. ஈஸ்ட் சேர்த்து, மணிக்கணக்கில் மாவைப் பொங்க வைத்துச் செய்வதுதான் பீட்சா" என்பது ஒன்று. "பொட்டலத்தில் வேலை முடிகிறது. உள்ளே என்ன இருந்தால் நமக்கென்ன?" என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

என் கருத்து இதுதான். பொட்டல மாவு ஒரு நல்ல கண்டுபிடிப்பு. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். ஆனால், ஒருமுறை பயன்படுத்திய பிறகு அடுத்த முறை அதே கலவையை நீங்களே கலக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல் படிக்கும் மாணவருக்கு இது பொழுதுபோக்கு மட்டுமன்று, கடமையும்கூட என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

பொட்டலத்தின் பின்பக்கம்

பொட்டலத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பீட்சா படத்தைச் சற்று மறந்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். மலாய் மொழியில் 'ரமுவான்' அல்லது 'பஹான்-பஹான்' என்ற தலைப்பின் கீழ், சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் இருக்கும். நம் நாட்டு உணவுச் சட்டப்படி, எடையில் அதிகமாக உள்ள பொருள் முதலிலும் குறைவாக உள்ளது கடைசியிலும் வர வேண்டும். எனவே, அந்தப் பட்டியல் ஓரளவுக்குச் செய்முறைக் குறிப்பாகவும் அமைந்துவிடுகிறது.

விரைவுக் கலவைகளில் பெரும்பாலும் முதலில் கோதுமை மாவு இருக்கும். பிறகு தாவரக் கொழுப்பு, சீனி, உப்பு என்று வரும். இவை எல்லாம் உங்கள் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே இருப்பவைதாம். அதன் பிறகு சில எண்கள் வரலாம். 500 என்றால் சோடியம் கார்பனேட்டு வகைகள். நம் வீடுகளில் ஆப்பச் சோடா என்று சொல்கிறோமே, அதாவது சோடியம் பைகார்பனேட், அது இந்த வகையைச் சேர்ந்தது. 450 என்பது டைபாஸ்பேட், 341 என்பது கால்சியம் பாஸ்பேட். மாவுக் கலவையில் இவ்விரண்டும் காடிப் பொருளாக வேலை செய்கின்றன.

இப்போது பாருங்கள். ஒரு பக்கம் காரத்தன்மை உள்ள சோடா. மறுபக்கம் காடித்தன்மை உள்ள பாஸ்பேட். இரண்டும் காய்ந்த தூளாக அருகருகே காத்திருக்கின்றன. தண்ணீர் வரும்வரை இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிவதில்லை. தண்ணீர் ஊற்றியதும் இரண்டும் கரைந்து வினைபுரிந்து கரிவளியை வெளியிடுகின்றன. காடியும் கார்பனேட்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் கரிவளியும் உண்டாகும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறீர்களே, அதே சமன்பாடுதான் இந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது.

ஒரு குறிப்பு. சில பொட்டலங்களில் 'யிஸ்' என்று எழுதியிருக்கும், அல்லது ஈஸ்ட் தனிச் சிறு பையில் இருக்கும். அவை வேறு வகை. அவற்றுக்குப் பத்து நிமிடம் போதாது. எது எந்த வகை என்பதும் பின்பக்கத்தைப் படித்தால்தான் தெரியும்.

ஒரு லிட்டர் காற்று

250 கிராம் மாவுக்குப் பொதுவாக மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்ப்பார்கள். ஏறத்தாழ 12 கிராம். பேக்கிங் பவுடரில் சோடா, காய்ந்த காடி, சோளமாவு ஆகிய மூன்றும் கலந்திருக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சோடா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது 3.6 கிராம்.

சோடியம் பைகார்பனேட்டின் மோலார் நிறை 84. 3.6-ஐ 84-ஆல் வகுத்தால் 0.043 மோல் கிடைக்கும். ஒரு மோல் சோடா ஒரு மோல் கரிவளியைத் தரும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவின் கொள்ளளவு 24 லிட்டர் என்று நான்காம் படிவ வேதியியலில் படிப்பீர்கள். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1 லிட்டர்!

உள்ளங்கையில் அடங்கும் சிறிதளவு தூளுக்குள் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் நிறையும் அளவுக்குக் கரிவளி மறைந்திருக்கிறது. முழுவதும் மாவுக்குள் தங்காது. பிசையும்போதே ஒரு பகுதி வெளியேறிவிடும். தங்குவதே மாவை உப்ப வைக்கப் போதுமானது. ஓவனின் வெப்பத்தில் அந்த வாயு விரிகிறது, மாவிலுள்ள நீரும் ஆவியாகி உதவுகிறது.

அப்படியானால், தண்ணீர் பட்டதும் வாயு முழுவதும் வெளியேறிவிடாதா என்று நீங்கள் கேட்க வேண்டும். நல்ல கேள்வி. அதற்காகத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட காடிகளைச் சேர்க்கிறார்கள். ஒன்று தண்ணீர் பட்டதும் வினைபுரியும். மற்றொன்று அறை வெப்பத்தில் மெதுவாகவும் சூடு ஏறிய பிறகு வேகமாகவும் வினைபுரியும். அதனால்தான் பிசைந்த மாவு பத்து நிமிடம் காத்திருந்தாலும் ஓவனில் மறுபடியும் எழுகிறது. இதை இருமுறை வினைபுரியும் பேக்கிங் பவுடர் என்பார்கள்.

நோயிலும் கப்பலிலும் பிறந்த கண்டுபிடிப்பு

இது சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்ப வைக்கும் தூளைக் கலந்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவரும் ரொட்டி சாப்பிட வேண்டுமே என்பதற்காகப் பிறந்த தூள் அது.

1845-இல் பிரிஸ்டல் நகர ரொட்டிக்காரர் ஹென்றி ஜோன்ஸ், சோடாவையும் காடியையும் மாவோடு முன்கூட்டியே கலந்து, தானாக உப்பும் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களில் மாதக்கணக்கில் கல் போன்ற பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்கு மென்மையான ரொட்டி கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இன்று நம் கடைகளில் 'தெப்புங் நாயிக் செண்டிரி' என்று விற்கப்படுவது அந்த மாவின் வாரிசுதான்.

1850-களில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எபன் ஹார்ஸ்போர்ட், பாஸ்பேட் வகைக் காடியைப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். நீங்கள் பொட்டலத்தில் பார்க்கும் 341 என்ற எண்ணுக்கு முன்னோடி அவர்.

1930-இல் நடந்தது இன்னும் சுவையானது. ஜெனரல் மில்ஸ் என்ற அமெரிக்க மாவு நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கார்ல் சுமித் இரயிலில் பயணம் செய்தபோது, உணவு நேரம் முடிந்த பிறகும் சில நிமிடங்களில் சுடச்சுட மென்மையான ரொட்டிகள் அவருடைய தட்டுக்கு வந்தன. எப்படி என்று கேட்டார். மாவு, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் இரயில் சமையல்காரர் முன்கூட்டியே கலந்து குளிர்ச்சியாக வைத்திருந்தார். அந்த யோசனையிலிருந்து உருவான பிஸ்குவிக் என்ற கலவை 1931-இல் கடைகளுக்கு வந்தது. கொழுப்பு சீக்கிரம் கெட்டுப்போகாமலும், சோடா முன்கூட்டியே வினைபுரியாமலும் காப்பதற்கு வேதியியல் அறிஞர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அந்தக் கலவை முதலில் ஆலையில் பிறக்கவில்லை. ஒரு சமையல்காரர் தம் கையால் கலந்தது. அவரால் முடிந்தது உங்களாலும் முடியும்.

ஈஸ்ட்டுக்கு ஏன் அவ்வளவு நேரம்?

இப்போது முதல் தரப்பினரின் வாதத்துக்கு வருவோம். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

பீட்சாவின் தாயகமான இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கு மட்டுமே சேரும். மாவு பல மணி நேரம் பொங்கும். பிறகு ஏறக்குறைய 485 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிடும். நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

ஈஸ்ட் ஓர் உயிர். அது சீனியை உட்கொண்டு கரிவளியையும் ஆல்கஹாலையும் வெளியிடுகிறது. மேலே சொன்ன ஒரு லிட்டர் கரிவளியைத் தர அதற்கு ஏறத்தாழ 4 கிராம் சீனி போதும். ஒரு தேக்கரண்டி! ஆனால், சோடா சில நிமிடங்களில் செய்வதை ஈஸ்ட் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு செய்யும். உயிருள்ள செல் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூற்றையும் படிப்படியாகப் பல என்சைம்களின் வழியாக உடைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு வீணாவதில்லை. அந்த நேரத்தில் காடிகளும் மணப்பொருள்களும் சிறிது சிறிதாக உருவாகின்றன. மாவிலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ரொட்டிக்கே உரிய மணம் அங்கிருந்துதான் வருகிறது. சோடா காற்றைத் தரும். அந்த மணத்தைத் தராது.

இந்த வேறுபாடு நம் வீடுகளுக்குப் புதிதன்று. இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கி நிற்கிறது. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாக இருக்கும் பாக்டீரியாக்கள் செய்த வேலை அது. புளிப்பும் கரிவளியும் ஒருங்கே உண்டாகின்றன. கடையில் விற்கும் உடனடி இட்லிக் கலவையிலோ சோடாவும் காடித் தூளும் இருக்கும். இரண்டும் இட்லிதான். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் பாட்டி கண்டுபிடித்துவிடுவார். பொங்கிய பீட்சாவுக்கும் விரைவுப் பீட்சாவுக்கும் இடையே உள்ள வேறுபாடும் அப்படிப்பட்டதே.

ஆகவே, விரைவு மாவில் செய்ததை நேப்பிள்ஸ் பீட்சா என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அது மென்மையான தட்டை ரொட்டியின் மேல் தக்காளியும் சீஸும் வைத்தது. அப்படிச் சொல்வதில் குறைவொன்றுமில்லை. பசித்த ஒரு மாலையில், நான்கு பேர் அரை மணி நேரத்தில் சூடாகச் சாப்பிட அது அருமையான வழி. மாலுமிகளுக்கு ஹென்றி ஜோன்ஸ் செய்துகொடுத்ததும் அதைத்தானே?

நீங்களே கலந்து பாருங்கள்

இரண்டாம் முறை பொட்டலம் வேண்டாம். கீழே உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோதுமை மாவு 250 கிராம்
பேக்கிங் பவுடர் 3 மட்டமான தேக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
எண்ணெய் 2 மேசைக்கரண்டி
தண்ணீர் ஏறத்தாழ 140 மில்லிலிட்டர்

முதலில் காய்ந்த பொருள்களை நன்றாகக் கலந்து சலியுங்கள். சலிப்பது எதற்கு? சோடா ஓரிடத்தில் மட்டும் தங்கிவிட்டால் அந்த இடம் கசக்கும். காடி கிடைக்காத சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அது சவர்க்காரம் போல நாக்கில் படும்.

பிறகு எண்ணெயையும் தண்ணீரையும் ஊற்றிச் சேருங்கள். இங்கே ஒரு கட்டுப்பாடு. ஒரு நிமிடத்துக்கு மேல் பிசைய வேண்டாம். கோதுமையில் உள்ள கிளையாடின், குளூட்டனின் என்னும் இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையைப் பின்னுகின்றன. பிசையப் பிசைய வலை வலுவாகும். ஈஸ்ட் மாவுக்கு அந்த வலு வேண்டும். மணிக்கணக்கில் வரும் வாயுவை அது பிடித்து வைக்க வேண்டுமே. விரைவு மாவுக்கு அவ்வளவு வலு தேவையில்லை. மிகுதியாகப் பிசைந்தால் வாயுவும் வெளியேறும், ரொட்டியும் இரப்பர் போலாகிவிடும்.

உருட்டி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். ரொட்டி சானாய் போடுபவர் மாவு உருண்டைகளை எண்ணெயில் தோய்த்து ஊற விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறாத உருண்டையை இழுத்தால் அது மீண்டும் சுருங்கிக்கொள்ளும். ஊறிய பிறகோ மேசையளவுக்கு விரியும். குளூட்டன் வலை தளர்ந்து இளகுவதே காரணம். உங்கள் பீட்சா மாவுக்கும் அதே விதிதான்.

தட்டையாக்கி, மேலே தக்காளிக் கூழ், சீஸ், முதல் நாள் மிச்சமான நெத்திலிச் சம்பல் என்று விருப்பம்போல் வைத்து, 220 பாகை செல்சியஸ் சூட்டில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். ஓவன் இல்லாத வீடு என்றால் கவலை வேண்டாம். தோசைக்கல் இருக்கிறதே. மாவைச் சற்று மெல்லியதாகத் தட்டி, மிதமான தீயில் ஒரு பக்கம் வேக வைத்துத் திருப்புங்கள். வெந்த பக்கத்தின் மேல் மற்றவற்றை வைத்து மூடி போட்டுச் சீஸ் உருகும்வரை சிறு தீயில் விடுங்கள். அடுப்பையோ ஓவனையோ தொடும்முன் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். வேகாத மாவை நக்கிப் பார்க்க வேண்டாம். பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

ஏன் கடமை என்கிறேன்?

"ஆசிரியரே, பொட்டலம் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது உப்பு. உலகச் சுகாதார நிறுவனம், பெரியவர்கள் ஒரு நாளில் 2 கிராமுக்கும் குறைவான சோடியமே உட்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நாம் மேலே செய்த மாவைக் கணக்கிடுவோம். சோடாவில் 100-க்கு 27 பங்கு சோடியம். 3.6 கிராம் சோடாவில் ஏறத்தாழ 1 கிராம். அரைத் தேக்கரண்டி உப்பு 3 கிராம் என்றால், அதில் சுமார் 1.2 கிராம். ஆக, மாவில் மட்டும் 2.2 கிராம் சோடியம். சீஸும் சாசேஜும் இன்னும் வைக்கவில்லை! நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு அரை கிராமுக்குச் சற்று அதிகம். ஒருவரே முழுவதையும் சாப்பிட்டால் ஒரு நாளைய அளவே தாண்டிவிடும். நீங்களே கலக்கும்போது, சம்பலில் உப்பு இருக்கிறதே என்று மாவில் பாதியைக் குறைக்கலாம். பொட்டலத்தில் அந்த முடிவை உங்களுக்காக வேறொருவர் எடுத்துவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் தாத்தா வீட்டில் இருந்தால் இந்த வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது பணம். நான் விலை சொல்லப் போவதில்லை. அடுத்த முறை பேரங்காடியில் பொட்டலக் கலவையின் விலையை 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பக்கத்து அடுக்கில் இருக்கும் சாதாரண கோதுமை மாவுக்கும் அப்படியே செய்யுங்கள். வேறுபாட்டுக்கு நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்று யோசியுங்கள். கலந்து தரும் உழைப்புக்கும் வசதிக்கும் பணம் கொடுப்பது தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. பள்ளியில் நீங்கள் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறீர்கள். வீட்டுச் சமையலறையில் தமிழ் பேசுகிறீர்கள். இந்த இரண்டும் பலருக்குச் சந்திப்பதே இல்லை. பாடநூலில் 'அசிட்' என்று படிப்பது, வீட்டில் அம்மா 'புளிப்பு' என்று சொல்வதோடு தொடர்புடையது என்று தோன்றுவதில்லை. காடியும் கார்பனேட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டால் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆப்ப மாவில் ஏன் சோடா போடுகிறார்கள் என்று அவர்களையே கேட்டால் திகைக்கிறார்கள். பொங்குதல், புளித்தல், ஊறுதல், இளகுதல், நுரைத்தல் என்று மாவைப் பற்றி எத்தனை நுட்பமான சொற்கள் நம்மிடம் உள்ளன! அவை ஒவ்வொன்றும் பல தலைமுறைகள் உற்றுப் பார்த்துக் கண்டறிந்த ஒரு மாற்றத்தின் பெயர். அந்தச் சொற்களோடு வகுப்பில் படித்த சமன்பாடுகளைச் சேர்த்துப் பார்க்கும் நாளில்தான் அறிவியல் உங்களுடையதாகும். தேர்வு முடிந்தும் மறக்காது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். சரியான விதி அது. ஆனால், ஆய்வின் முடிவை நாக்காலும் மூக்காலும் அறியக்கூடிய இடம் சமையலறைதான். அந்த வாய்ப்பைப் பொட்டலத்தின் மூன்று வரிச் செய்முறைக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா?

விடுமுறைக்கு மூன்று சோதனைகள்

முதல் சோதனை. ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீர் ஊற்றி, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரைப் போடுங்கள். நுரை அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு, பெரியவர் ஒருவரின் உதவியோடு சூடான நீரை ஊற்றுங்கள். மறுபடியும் நுரைத்தால் உங்களிடம் இருப்பது இருமுறை வினைபுரியும் வகை. இரண்டு முறையும் நுரைக்கவில்லை என்றால் அந்தத் தூள் செத்துவிட்டது. நம் நாட்டு ஈரக் காற்றில், சரியாக மூடாத டப்பாவுக்குள் சோடாவும் காடியும் ஏற்கெனவே வினைபுரிந்து முடித்திருக்கும். எந்தச் சோதனையிலும் போத்தலையோ டப்பாவையோ இறுக மூடி வாயுவை அடைக்காதீர்கள். வெடித்துவிடும்.

இரண்டாம் சோதனை. நீங்கள் கலந்த விரைவு மாவை மூன்று சமமான உருண்டைகளாக்குங்கள். ஒன்றை உடனே, ஒன்றைப் பத்து நிமிடம் கழித்து, ஒன்றை இரண்டு மணி நேரம் கழித்து ஒரே அளவு தட்டி ஒரே சூட்டில் சுடுங்கள். காத்திருக்கும் நேரம் தற்சார்பு மாறி. வெந்த ரொட்டியின் உயரம் சார்பு மாறி. மாவின் எடை, சூடு, சுடும் நேரம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். சுடுவதற்கு முன்பே எது உயரமாக வரும் என்று கருதுகோள் எழுதுங்கள். கோலால் அளந்து அட்டவணையிடுங்கள்.

மூன்றாம் சோதனை. அதே 250 கிராம் மாவு, பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சீனி. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காகப் பொங்கும்வரை மூடி வையுங்கள். நம் நாட்டு அறை வெப்பத்தில் ஒரு மணி நேரமோ சற்று அதிகமோ ஆகும். இதையும் விரைவு மாவையும் சுட்டு, எது எது என்று சொல்லாமல் வீட்டிலுள்ளவர்களுக்குக் கொடுங்கள். யாருக்கு எது பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகம் சரியா என்று பாருங்கள். விரைவு மாவே பிடித்திருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னாலும் அதுவும் ஒரு முடிவுதான். மாற்றி எழுத வேண்டாம்.

இவற்றை எல்லாம் செய்த பிறகு மீண்டும் பொட்டலமே வாங்க நினைத்தால் தாராளமாக வாங்குங்கள். தேர்வுக் காலத்தில், வேலை மிகுந்த நாளில் நானும் வாங்குவேன். ஆனால், அப்போது நீங்கள் அதை வாங்குவது வேறு வழி தெரியாமல் இருக்காது. உள்ளே எத்தனை லிட்டர் வாயு இருக்கிறது, எவ்வளவு சோடியம் இருக்கிறது, எதற்காகப் பத்து நிமிடம் காத்திருக்கிறோம் என்று தெரிந்தே வாங்குவீர்கள். ஒரு நாள் கடையில் பொட்டலம் தீர்ந்து போயிருந்தாலும் வீட்டில் பீட்சா இருக்கும்.

பொட்டலத்தில் தொடங்குங்கள். பொட்டலத்தோடு நின்றுவிடாதீர்கள்.